கொம்பையா வாங்கிய ரெட்டைக்கண் கேமரா

கொம்பையாவைப் பற்றி எழுதச் சொன்னால் இந்தப் பக்கத்தில் பத்துப் பேராவது நல்லவிதமாக எழுதுவார்கள். என்னிடம் அதை எதிர்பார்க்க வேண்டாம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பட்டதைப் பட்டபடிதான் எழுத வரும்.

ஒரகடம் கூட்ரோட்டில் முனி ஸ்டுடியோ என்னுடையது. முழுப்பெயர் முனிரத்தினம். பாஸ்போர்ட் சைஸ், காதுகுத்து, கல்யாணம், கம்பெனிகளில் ஆயுத பூஜை குரூப் போட்டோ, எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். போட்டோ என்று ஒரு பேச்சு வந்தால் அங்கே என் பெயரும் வந்துவிடும். இருபது வருடமாக அப்படித்தான் இருந்தது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கொம்பையா வந்து சேரும்வரை.

அவன் வந்தது தொண்ணூற்றொன்பதில். கார் கதவுக்கு ரப்பர் செய்யும் கம்பெனியில் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. லைனில் வரும் ரப்பரைக் கண்ணால் பார்த்தே இது பாஸ், இது ரிஜெக்ட் என்று தள்ள வேண்டும். ஒல்லியான ஆள். எதையும் ஒரு நொடி அதிகமாகப் பார்ப்பான். அந்தப் பார்வையே எனக்குப் பிடிக்காது. நம்மையும் ரிஜெக்ட் செய்துவிடுவானோ என்று தோன்றும்.

அவனுக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்று. பெண்டாட்டி உலகம்மாள் ஊரிலிருந்து வர மாட்டேன் என்றாள். அவளுடைய அக்கா தங்கமாரி புருஷனோடு ஸ்ரீபெரும்புதூருக்கு வந்து, ஒரே மாதத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டவள். பத்துக்குப் பத்து அறை, நடுவில் ஒரு தட்டி. தட்டிக்கு இந்தப் பக்கம் இவர்கள் இரண்டு பேர், அந்தப் பக்கம் கம்பெனிப் பையன்கள் ஆறு பேர். அதைக் கேட்டதிலிருந்து உலகம்மாள் ஒரே பிடியாக இருந்தாள். கொம்பையா எஸ்டிடி பூத்திலிருந்து வாராவாரம் பேசுவான். நான்கு வருடம் பேசினான். அவள் வரவில்லை.

கடைசியில் வடக்குப்பட்டில் ஞானம்மா வீட்டின் பக்கவாட்டுப் பகுதியை வாடகைக்குப் பிடித்தான். பெரிய அறை, தனிச் சமையல்கட்டு, பின்னால் போர்க்குழாய், ஒரு முருங்கை மரம். என்னிடம் வந்தான்.

"அண்ணாச்சி, வீட்டை ஒரு போட்டோ எடுத்துத் தாங்க. ஊருக்கு அனுப்பணும். பாத்தான்னா வந்துருவா."

போனேன். வாசலில் நின்று ஃபிளாஷ் அடித்து நான்கு படம் எடுத்தேன். கழுவிக் கொடுத்தேன். அவன் அனுப்பினான். பத்து நாள் கழித்து வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"இன்னாய்யா, இன்னா சொன்னா உன் வூட்டுக்காரி?"

"தீப்பெட்டி மாதிரி இருக்காம் அண்ணாச்சி. நிக்கதுக்கு மட்டுந்தான் இடமா, படுக்கதுக்கும் இருக்கான்னு கேக்கா. போட்டோக்காரருக்கு நிக்கதுக்கே இடமில்லாம வாசல்ல நின்னுல்லா எடுத்திருக்காருன்னு சொல்லுதா."

"படம் சின்னதாக் கீதுன்னு வூடும் சின்னதாயிடுமா? அவளுக்குப் பார்க்கத் தெரியலை" என்றேன். ஆனால் உள்ளே சுருக்கென்றது. அவள் சொன்னதில் தப்பில்லை. படத்தை நானும் எடுத்துப் பார்த்தேன். தீப்பெட்டிதான்.

அடுத்த மாதம், இரண்டாயிரத்து மூன்று ஆடி மாதம், ஒரு பழைய ஃபிளாஷ் வாங்க மூர் மார்க்கெட்டுக்குப் போனேன். கொம்பையாவுக்கு வீக் ஆஃப். கூடவே வந்தான். அங்கே பழைய கேமரா விற்கும் நடேசன் எனக்கு வெகுநாள் பழக்கம். ஃபிளாஷ் எடுக்க உள்ளே போனவர், ஒரு விநோதமான சாமானைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். செங்கல் கனம். முகப்பில் அந்தப் பக்கம் ஒரு லென்ஸ், இந்தப் பக்கம் ஒரு லென்ஸ். மனுசன் கண் இடைவெளிக்கு இரண்டும் தள்ளித் தள்ளி இருந்தன. கூடவே கறுப்பாக ஒரு டப்பா, அதிலும் இரண்டு கண்.

"ஐம்பது வருஷத்துப் பொருள் முனிரத்தினம். எந்தத் துரை வீட்டுதோ. ஒரே அமுக்குல ரெண்டு படம் எடுக்கும். எட்த்துக்க, உனக்குன்னா ரெண்டாயிரம்."

"ஒத்தக் கண்ணு கேமராவ வச்சிக்கினே பொழப்பு சிரிக்குது. இதுக்கு ரெட்டைக் கண்ணு, நாளைக்குக் கண்ணாடி போட்டு விடணும்" என்று நான் சிரித்தேன். அந்த டப்பாவைக் கண்ணில் வைத்துக்கூடப் பார்க்கவில்லை. இன்றுவரை நினைத்தால் வயிறு எரிகிற இடம் இதுதான். பார்க்கவில்லை.

கொம்பையா பார்த்தான். டப்பாவுக்குள் ஏதோ ஒரு பழைய படம் செருகியிருந்தது. பொத்தானை அமுக்கினால் உள்ளே சின்ன பல்பு எரியும். கண்ணில் வைத்தவன் எடுக்கவே இல்லை. ஒரு கையை முன்னால் நீட்டி எதையோ தொடப் பார்த்தான். நடேசன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"அண்ணாச்சி, நாற்காலிக்குப் பின்னாடி நடந்து போலாம் போல இருக்கு" என்றான். தீபாவளிக்கு என்று சேர்த்திருந்த பணத்தை எடுத்து அங்கேயே கொடுத்துவிட்டான். திரும்பி வரும் பஸ்ஸில் அந்தக் கேமராவை மடியில் பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு வந்தான். என் மடியில் ஃபிளாஷ்.

முதல் ரோல் நாசம். எனக்கு அன்றைக்கு நல்ல பசி எடுத்தது. அந்தக் கேமராவுக்குப் போடுவது வழக்கமான ஃபிலிம் இல்லை, படமே நேராக விழுகிற ஸ்லைடு ஃபிலிம். அது சென்னைக்குப் போனால்தான் கழுவ முடியும். லேப்பில் எப்போதும் வெட்டுகிற அளவுக்கு வெட்டிவிட்டார்கள். இந்தக் கேமராவின் படமோ அகலம் குறைவு. எல்லாப் படமும் நடு மூக்கில் அறுபட்டு வந்தது. பாதிப் படத்தில் அவனுடைய கட்டைவிரல் வேறு ஒரு லென்ஸை மறைத்திருந்தது.

"இன்னாய்யா, ரெண்டாயிரம் ரூபாய்க்குக் கட்டைவிரலா?" என்றேன்.

"ஒரு விரல் தெரிஞ்சுபோச்சுல்லா அண்ணாச்சி. இனி அதை மடக்கிக்கிடுவேன்."

அடுத்த ரோலின் உறைமேல் சிவப்பு மையில் 'வெட்டாதீர்கள்' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தான். முழு நாடாவாக வந்தது. அதை அவனே கத்தரித்து, இரண்டு ஜன்னல் வைத்த அட்டையில் ஜோடி ஜோடியாக ஒட்டினான். இடது லென்ஸ் எடுத்தது இடது ஜன்னலில், வலது லென்ஸ் எடுத்தது வலது ஜன்னலில். மாறிவிடக் கூடாது என்று இடது படத்தின் ஓரத்தில் ஊசி முனையால் ஒரு சிவப்புப் புள்ளி வைப்பான்.

அதற்கப்புறம் கூட்ரோட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். நாகப்பன் டீக்கடையில் அந்த டப்பாவுக்கு வரிசை நின்றது. ஷிப்ட் முடிந்து பஸ் இறங்குகிறவன் எல்லாம் நேராக டப்பாவுக்குத்தான் வந்தான். படம் என்று பார்த்தால் ஒன்றுமில்லை. கேன்டீனில் அடுக்கிய தட்டுகள், சேரப்பணஞ்சேரி ஏரிக்கரையில் நிற்கும் எருமை, பஸ்ஸுக்குள் தூங்கும் பத்துத் தலைகள். ஆனால் பார்க்கிற ஒவ்வொருவனும் கையை நீட்டினான். எருமையின் கொம்பு கண்ணில் குத்துமோ என்று நாகப்பன் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டதை நானே பார்த்தேன்.

"முனி, நீயும் இருபது வருசமா எடுக்கிற. உன் போட்டோவுல எருமை செவுத்துல ஒட்டுன வறட்டி மாதிரி கீது" என்றான். கடையே சிரித்தது. நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

தொழிலுக்கு ஒரு கெடுதலும் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். அந்தப் படத்தைக் கல்யாண ஆல்பத்தில் ஒட்ட முடியாது, ஃபிரேம் போட்டு மாட்ட முடியாது. ஒரு நேரத்தில் ஒரு ஆள்தான் பார்க்கலாம். எனக்கு வரும் காசு எனக்கு வந்துகொண்டுதான் இருந்தது. வராமல் போனது வேறு.

ஒருநாள் கொம்பையா என் வீட்டு வாசலில் தாயாரம்மாளைப் படம் எடுத்திருக்கிறான். தாயாரம்மாள் என் சம்சாரம். முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாளாம். "மதினி, தலையைத் தூக்காதிய, அப்படியே இருங்க" என்று எடுத்தானாம். நான் மத்தியானம் சாப்பிடப் போனால் இவள் டப்பாவும் கையுமாக உட்கார்ந்திருக்கிறாள்.

"யோவ், என் மூக்கு இப்டியா கீது? நெசமாவே எடுப்பாத்தான் கீது இல்ல?"

இருபத்திரண்டு வருடமாக அந்த மூக்கை நான் எத்தனை முறை எடுத்திருப்பேன். எல்லாவற்றையும் பீரோவின் அடித்தட்டில் போட்டு வைத்திருக்கிறாள். இதை மட்டும் தினம் ஒரு தரம் கேட்டு வாங்கிப் பார்த்தாள். சோறு ஆறிப்போயிருந்தது. அவளுக்கு அது தெரியவே இல்லை.

இப்படியிருக்கும்போதுதான் தீபாவளி வந்தது. கொம்பையா புது வீட்டை மூலைக்கு மூலை ஒரு ரோல் எடுத்திருந்தான். கழுவி வந்துவிட்டது. அவன் லைனில் வேலை பார்க்கும் மாரிசெல்வம் அன்று சாயங்காலம் ஊருக்குப் பஸ் ஏறுகிறான், அவனிடம் டப்பாவையும் படங்களையும் கொடுத்தனுப்ப வேண்டும். கம்பெனியில் அவசர டிஸ்பாட்ச், கொம்பையாவுக்கு ஓவர்டைம் போட்டுவிட்டார்கள். காலையிலேயே ஸ்டுடியோவுக்கு ஓடி வந்தான்.

"அண்ணாச்சி, பன்னெண்டு படம். நீங்க தொழில் தெரிஞ்சவுக. கொஞ்சம் ஒட்டி மாரிசெல்வம் கையில குடுத்துருங்க. சிவப்புப் புள்ளி வச்சது இடது பக்கம். இந்தத் தடவை பாத்தா கண்டிப்பா வந்துருவா. இல்லேன்னா…" என்று நிறுத்தி, "இல்லேன்னா நான் அங்க போயி என்ன வேலை செய்ய, சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினான்.

விளக்குப் பெட்டியில் நாடாவைப் பரப்பி முதல் படத்தைச் சரியாகவே ஒட்டினேன். டப்பாவில் போட்டுக் கண்ணில் வைத்தேன். அதுவரை நான் ஒருமுறைகூட அதில் பார்க்கவில்லை. வீம்பு. பார்த்தேன்.

முன்னால் தண்ணீர்க் குடம். குடத்துக்குப் பின்னால் தரை போகிறது. போய்க்கொண்டே இருக்கிறது. அதற்கப்பால் ஜன்னல், ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் தனியாக முருங்கைக் கிளை, அதற்கும் அந்தப் பக்கம் வெயில். சமையல்கட்டு நிலையில் கொம்பையா நிற்கிறான். அவனுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் தாராளமாக நடந்து போகலாம். இதே வீட்டைத்தான் நான் தீப்பெட்டியாக எடுத்திருந்தேன்.

ஒட்டியதைப் பிய்த்தேன். இடதை வலதிலும் வலதை இடதிலும் வைத்துப் பார்த்தேன். முன்னது பின்னாக, பின்னது முன்னாக எல்லாம் மாறிவிட்டது. பின்சுவர் முன்னால் வந்து நெஞ்சை இடித்தது. குடம் சுவரில் வெட்டிய ஓட்டையாக உள்ளே போய்விட்டது. கொம்பையா சுவருக்குப் பின்னால் அடைபட்டுக் கிடந்தான். அவன் முகம் சர்க்கரைப் பொம்மை வார்க்கும் அச்சுப் போல உட்பக்கம் குழிந்திருந்தது. நான்கு நொடி பார்த்தால் தலை சுற்றியது.

பன்னிரண்டையும் அப்படியே ஒட்டினேன்.

தாயாரம்மாள் டீ கொண்டுவந்தாள். "இன்னாய்யா, ஒட்டறதும் பிய்க்கிறதுமா கீற? அந்தப் புள்ளயோட படமா?"

"உன் வேலையப் பாரு."

மாரிசெல்வம் வந்தான், வாங்கிக்கொண்டு போனான். நான் நல்ல மனிதன் மாதிரி, "பத்திரம்ப்பா, அழுத்திடாத" என்றும் சொன்னேன்.

தீபாவளி போய் எட்டாம் நாள் காலை பதினொரு மணி. தாயாரம்மாள் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தாள். தாம்பரம் பஸ்ஸிலிருந்து ஒரு பெண்பிள்ளை இறங்கிக் கட்டைப் பையோடு நேராக ஸ்டுடியோவுக்குள் வந்தாள். முப்பது வயதிருக்கும். கண் சிவந்திருந்தது.

"அண்ணாச்சி, ரப்பர் கம்பெனி கொம்பையாவைத் தெரியுமா? நான் அவுக வீட்டுல. உலகம்மாள்."

தாயாரம்மாள்தான் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

"குடித்தனம் நடத்த வந்துட்டியா? நல்லதும்மா."

"குடித்தனமா? அவுகளைக் கூட்டிட்டுப் போகல்லா வந்திருக்கேன்" என்றவள், பையிலிருந்து அந்தக் கறுப்பு டப்பாவை எடுத்து என்னிடம் நீட்டினாள். "நீங்க போட்டோக்காரவுகதான? இதைப் பாருங்க. எங்கக்கா சொன்ன தட்டி இதுல்லா? முன்னால சுவரு அடைச்சிருக்கு, இவுக பொறத்தால நிக்காக. முகம் ஒட்டி உள்ள போயிருக்கு. நாலு வருசமா நல்லா இருக்கேன் நல்லா இருக்கேன்னு போனுல பொய் சொல்லியிருக்காக. ஒரு வேலையும் வேண்டாம். சாயங்காலப் பஸ்ஸுக்கே கூட்டிட்டுப் போயிருதேன்."

நான் டப்பாவைக் கண்ணில் வைத்தேன். நான் செய்த காரியத்தை நானே பார்த்தேன். ஒரு வார்த்தை போதும். ஆமாம்மா, இங்கே வீடெல்லாம் இப்படித்தான் என்றால் போதும். கொம்பையா போய்விடுவான். கேமராவும் போய்விடும். டீக்கடையில் என் பழைய இடத்தில் நான் உட்காரலாம். மனசு அப்படித்தான் போயிற்று, மறைத்து என்ன ஆகப் போகிறது. "வந்தும்மா, இந்தப் பக்கத்துல வூடுங்க…" என்று ஆரம்பித்தும்விட்டேன்.

தாயாரம்மாள் டப்பாவைப் பிடுங்கிப் பார்த்தாள்.

"இன்னாது இது? குடம் செவுத்துக்குள்ள பூந்துக்கினு கீது! ஞானம்மா வூட்டுக்கு நான் போயிருக்கேனே, இது அந்த வூடே இல்ல. வாம்மா, நேராப் போய்ப் பார்த்துடலாம். யோவ், கடையச் சாத்து."

ஷேர் ஆட்டோவில் வடக்குப்பட்டுக்குப் போனோம். கொம்பையா முதல் ஷிப்டில் இருந்தான். ஞானம்மா சாவி கொடுத்தாள். உலகம்மாள் வாசலில் செருப்பை விட்டுவிட்டு ஒரு கையை முன்னால் நீட்டிக்கொண்டு உள்ளே போனாள். இல்லாத சுவரில் இடித்துக்கொள்வோமோ என்று பயந்தவள் மாதிரி. பின்சுவர்வரை நடந்து அதைத் தட்டிப் பார்த்தாள். குடத்தைத் தூக்கிப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே கையை விட்டு முருங்கைக் கிளையை ஒடித்தாள். பிறகு நடு அறையில் காலை நீட்டிப் படுத்தேவிட்டாள்.

"படுக்கதுக்கும் இடமிருக்கு மதினி" என்றாள் தாயாரம்மாளிடம். உடனே எழுந்து உட்கார்ந்து அழுதாள்.

மூன்றரை மணிக்குக் கொம்பையா வந்தான். வாசலில் செருப்பைப் பார்த்து நின்றுவிட்டான். உலகம்மாள் டப்பாவை அவன் முன்னால் வைத்தாள். "என்ன படம் இது? ஆளைக் கொல்லப் பாத்தியளா?"

அவன் கண்ணில் வைத்து, எடுத்தான். அட்டையை உருவி வெளிச்சத்தில் பிடித்தான். சிவப்புப் புள்ளி வலது பக்கம் இருந்தது. இன்னொன்றை உருவினான். அதிலும் வலது பக்கம். மூன்றாவதை எடுக்கவில்லை. என்னைப் பார்த்தான். லைனில் ரப்பரைப் பார்க்கிற அதே பார்வை, ஒரு நொடி அதிகமாக.

"நாந்தான் அவசரத்துல மாத்தி ஒட்டிட்டேன் போல" என்றான்.

அதோடு போயிருக்கும். தாயாரம்மாள் விட்டாளா? "ஏன்யா, நீதானே அன்னைக்கு ஒக்காந்து ஒட்டிக்கினு, பிச்சிக்கினு இருந்த?"

கொம்பையா கத்தரிக்கோலையும் டேப்பையும் எடுத்து வந்து என் முன்னால் வைத்தான். நான் சம்மணம் போட்டு உட்கார்ந்து பன்னிரண்டு படத்தையும் பிய்த்து மாற்றி ஒட்டினேன். அந்த மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசிப் படம் முடிந்ததும் உலகம்மாளிடம் நீட்டினேன்.

"எனக்கு எதுக்கு அண்ணாச்சி? நாந்தான் வீட்டுக்குள்ளயே இருக்கேனே" என்று வாங்கிக் கீழே வைத்துவிட்டுக் காபி போட எழுந்து போனாள். எங்கே என்ன இருக்கிறது என்று கேட்கக்கூட இல்லை.

சாயங்காலப் பஸ் போயிற்று. அவள் போகவில்லை. நான் எதற்குச் செய்தேனோ அதற்கு நேர்மாறாக முடிந்தது. நான் ஒழுங்காக ஒட்டியிருந்தால்கூட அவள் இவ்வளவு சீக்கிரம் வந்திருக்க மாட்டாள் என்று நாகப்பன் இன்றைக்கும் டீக்கடையில் சொல்லிச் சிரிக்கிறான். கொம்பையா என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். கேட்கவில்லை. அதிலும் அவன்தான் மேலே நின்றுகொண்டான்.

ஒரு மாதம் கழித்து உலகம்மாள் ஸ்டுடியோவுக்கு வந்தாள்.

"அண்ணாச்சி, வீட்டுக்குள்ள வச்சு எங்களை ஒரு போட்டோ எடுக்கணும். அம்மைக்கு அனுப்ப."

"உன் வூட்டுக்காரன்தான் பெரிய ரெட்டைக்கண்ணு கேமரா வச்சிக்கிறானே."

"அம்மைக்கு ஒரு கண்ணுதான் அண்ணாச்சி. இன்னொண்ணு தீப்பெட்டி ஆபீஸ்ல மருந்து பட்டுப் போயிருச்சு. டப்பாவுல பாத்தாலும் அவளுக்குத் தட்டையாத்தான் தெரியுது. உங்க போட்டோதான் ஆகும்."

ஒற்றைக் கண்ணுக்குத்தான் என் தொழில் லாயக்கு என்று கறுவிக்கொண்டேதான் கேமராவைத் தூக்கினேன். ஆனால் இந்த முறை வாசலில் நிற்கவில்லை. ஃபிளாஷை எடுக்கவே இல்லை. சமையல்கட்டு மூலையில் முதுகை ஒட்டிச் சரிந்து உட்கார்ந்தேன். குடத்தைக் கிட்டத்தில் வைத்தேன். அவர்கள் இரண்டு பேரையும் நடு அறையில் நிறுத்தி, பின்னால் ஜன்னல் கதவுகளைத் திறந்துவிட்டேன். மரம் தெரிகிறதா என்று பார்த்தேன். வெயில் தரையில் வந்து விழும்வரை இருபது நிமிடம் அவர்களை நிற்க வைத்தேன். கொம்பையா நிறுத்திய இடத்தில் நின்றான். ஒருமுறை மட்டும் குடத்தைக் காலால் இரண்டு விரற்கடை தள்ளிவிட்டான். அங்கேதான் அது இருக்க வேண்டும். சனியன், அவன் தள்ளியதுதான் சரி.

பெரிய சைஸில் பிரிண்ட் போட்டு, காய்ந்ததும் மேஜையில் வைத்தேன். தரை உள்ளே போயிற்று. ஆட்களுக்குப் பின்னால் இடம் இருந்தது. தாயாரம்மாள் சாப்பாட்டுக் கூடையைக் கீழே வைத்துவிட்டு அதைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தாள். நான் கல்லாப் பெட்டியைத் துடைப்பது போல நின்றேன்.

"நல்லா கீதே" என்றாள். "கொம்பையா எட்த்ததா?"